என் பங்கு பியர்

என் மனைவி ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாசலில் வைத்து என்னை மணந்து பார்ப்பாள். நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே நான் கால்மிதியில் நின்று வாயைத் திறந்து "ஆ" என்று ஊத வேண்டும். அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து மூச்சை இழுப்பாள். "சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் வீட்டுக்காரன்.

பதினான்கு மாதங்களாக இது நடந்தது. நான் பொறுமைக்காரன் அல்ல. சுருக்கென்று கோபம் வரும் ஆள். முதல் வாரங்களில் கால்மிதியில் நின்றபடியே பல்லைக் கடிப்பேன். ஆனால் ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை. இது தொடங்குவதற்குச் சற்று முன், டிசம்பரில் ஒருநாள், மகளைப் பிள்ளைகள் காப்பகமான கார்டரியிலிருந்து கூட்டிவர வேண்டியவன் நான். நான் போகவில்லை. வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாரில் இருந்தேன். நாலு வயதுப் பிள்ளை கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோட்டைக் கழற்றச் சொன்னபோது, "அப்பா இப்ப வந்திடுவார்" என்று மாட்டேன் என்றிருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது கார்டரிப் பெண்.

அன்று மனைவி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இனி ஒருக்கால் உங்களிலை மணந்துதெண்டா நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு அண்ணை வீட்டை போயிடுவன். பேந்து வந்து நிண்டு அழக்கூடாது" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. தனக்கும் பிள்ளைக்கும் உடுப்பு அடுக்கி ஒரு பெட்டியைக் கட்டி, அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். கோடை வந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து குளிர் உடுப்புகளை வெளியே எடுத்துவிட்டுக் கோடை உடுப்புகளை வைத்தாள். இலையுதிர் காலத்தில் மறுபடியும் மாற்றினாள். பிள்ளை வளர வளரச் சிறிய சட்டைகளை எடுத்துவிட்டு அளவானவற்றை வைத்தாள். அந்தப் பெட்டி சும்மா பயமுறுத்தலுக்கு வைத்த பெட்டி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் அப்படிப்பட்டவள். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பட்டியில் ஓடிவரும் குளிசைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விளிம்பு உடைந்த ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பாது. நானோ குடித்த காலத்தில் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். வேலைத்தலத்தில் பிறந்தநாள் கேக்குக்குள் ரம் விட்டிருந்தார்கள், இருமல் மருந்து குடித்தேன். எல்லாவற்றிலும் கேவலமானது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் தன் பியரை என் மீது ஊற்றிவிட்டான் என்று சொன்னது. அந்தப் பொய்யை அவள் மறக்கவே இல்லை.

இந்த நிலையில்தான் எங்கள் போர்மன் என்னைச் சவுனா என்ற நீராவிக் குளியலுக்குக் கூப்பிட்டார்.

அவர் பின்லாந்துக்காரர். விமானத்துக்கு வேண்டிய உலோகத் துண்டுகளைக் கடையும் பட்டறை எங்களுடையது. அவருக்குக் கீழே நாங்கள் ஒன்பது பேர். ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து வருவது இருபது சொல் இருக்கும். அதிலும் பாதி மெஷினுக்குச் சொல்வது. முகத்தில் எந்த அசைவும் இருக்காது. பகிடி விடுகிறாரா, பேசுகிறாரா என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. நான் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் காலையிலேயே தள்ளாடியபடி வேலைக்குப் போய்விட்டேன். விரல் போயிருக்கும். அவர் வந்து என் மெஷினை நிறுத்தினார். "இந்த மெஷினுக்கு இன்றைக்கு உன்னைப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போ. நாளைக்கு மறந்துவிடும்" என்றார். மேலிடத்துக்கு அறிவிக்கவில்லை. பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என் வேலை தப்பியது அந்த மனிதரால்தான்.

அவர் புவாண்ட்-கிளேரில் தன் வீட்டுப் பின்வளவில் சொந்தக் கையால் ஒரு சவுனா கட்டியிருந்தார். இரண்டு தரம் கூப்பிட்டார்; இரண்டு தரமும் ஏதோ சாட்டுச் சொன்னேன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பெப்ரவரியில், ஊரிலிருந்து தன் தமையன் வந்திருப்பதாகவும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வரும்படியும் மூன்றாம் தரம் சொன்னார். மூன்றாம் தரமும் மாட்டேன் என்றால் அது மரியாதை இல்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அங்கை குடிப்பினமோ?"

"குடிப்பினம்போலைதான் கிடக்கு."

"நீங்கள்?"

"நான் குடிக்கமாட்டன். உமக்குத் தெரியுந்தானே."

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, "போங்கோ. அந்த மனுசன் உங்களுக்கு நல்லது செய்தவர். ஆனா வாசலிலை நான் நிப்பன்" என்றாள்.

பஸ்ஸில் போகும்போது மூன்று சாட்டுகளைத் தயார் செய்துகொண்டேன். முதலாவது, பிரஷர் குளிசை எடுக்கிறேன். அது எடுபடாவிட்டால், கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறேன். அதுவும் சரிவராவிட்டால், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வரப்போகிறது, இப்போதே தொடங்கிவிட்டேன். நம் ஆட்களுடைய வீடுகளில் சாட்டு இல்லாமல் தப்ப முடியாது. வேண்டாம் என்றால் யார் நம்புகிறார்கள்? "ஒரு சொட்டு மச்சான், ஒரே ஒரு சொட்டு" என்று கிளாஸைக் கையில் திணிப்பார்கள். நாம் தள்ளுவோம், அவர்கள் தள்ளுவார்கள். பதினான்கு மாதங்களில் கலியாண வீடு, பிறந்தநாள் வீடு எல்லாவற்றிலும் அந்தத் தள்ளுமுள்ளில் நான் கெட்டிக்காரனாகி இருந்தேன்.

பின்வளவில் பனியை வெட்டி ஒரு நடைபாதை. அதன் முடிவில் மரக் குடில். தமையன் வாசலில் நின்றார். எழுபது வயதிருக்கும், கட்டைப் பனைபோல் உறுதியான உடம்பு. கை கொடுத்தார். பேசவில்லை. உடுப்பு மாற்றும் சின்ன அறைக்குள் இருவரும் கண்மூடித் திறப்பதற்குள் பிறந்தமேனியாக நின்றார்கள். நான் வீட்டிலிருந்து சாரம் கொண்டு போயிருந்தேன். மன்னாரில் கடலுக்குக் குளிக்கப் போனாலும் சாரத்தோடு போகிறவன் நான். போர்மன் முன்னால் அம்மணமாக நிற்க என்னால் முடியாது. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். தமையன் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார்.

போர்மன் மொழிபெயர்த்தார்: "நல்ல திரைச்சீலை என்கிறார். ஜன்னல் எங்கே என்று கேட்கிறார்."

இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. நான் சிரித்தேன். அதற்கும் அவர்கள் சிரிக்கவில்லை.

விருந்தாளிக்கு மேல் பலகை. அங்கேதான் சூடு கூட. அடுப்பின் மேல் கருங்கற்கள் குவிந்து கிடந்தன. போர்மன் ஒரு மர அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றினார். கல் சீறியது. ஒரு விநாடி ஒன்றும் இல்லை; அடுத்த விநாடி காது மடல் பற்றி எரிவதுபோல் நீராவி வந்து இறங்கியது. அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு, லொய்லு. அது வரும்போது பேசக் கூடாது. கோயிலில் இருப்பதுபோல் சவுனாவில் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். எங்கள் கோயிலில் இவ்வளவு அமைதியாக யாரும் இருந்து நான் பார்த்ததில்லை. எத்தனை டிகிரி என்று கேட்டேன். எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்றும் கேட்டேன்.

தமையன் நெடுநேரம் கழித்து ஏதோ சொன்னார்.

"நீ நிறையப் பேசுகிறாய் என்கிறார்" என்றார் போர்மன்.

கால் மணிநேரத்தில் வெளியறைக்கு வந்து உட்கார்ந்தோம். உடம்பிலிருந்து ஆவி பறந்தது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு வாளி நிறையப் பனி. பனிக்குள் கழுத்து வரை புதைந்து பியர் போத்தல்கள். தமையன் மூன்றை எடுத்தார். மூன்றையும் திறந்தார். ஒன்றைத் தம்பி பக்கத்தில் வைத்தார், ஒன்றை என் தொடைக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தார், ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் குடிக்கத் தொடங்கினார்.

நான் முதலாவது சாட்டை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குடி என்று யாராவது சொல்லட்டும், ஏன் குடிக்கவில்லை என்று கேட்கட்டும் என்று இருந்தேன். யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. போர்மன் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. தள்ளுகிறவன் இருந்தால் எதிர்த்துத் தள்ளலாம். இங்கே என்னைத் தள்ள ஒருவரும் இல்லை. போத்தலும் நானும்தான். குளிர்ந்த கண்ணாடியில் ஒரு துளி இறங்கி வழிந்தது. அது பலகைக்கு வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தாகமென்றால் அப்படியொரு தாகம். ஒரு வாய் குடித்தால் இங்கே யாருக்குத் தெரியும்? இவ்வளவு வேர்வையோடு அது வெளியே போய்விடாதா? வாசலுக்குப் போய்ச் சேர இன்னும் மூன்று மணிநேரம் இருக்கிறது. மனம் ஒரு வக்கீல்போல் வாதாடியது. அதன் எல்லா வாதமும் எனக்குப் பழக்கமானவை.

என் கை போத்தலின் கழுத்தைப் பிடித்துவிட்டது. நான் பிடித்தேன் என்று சொல்வதைவிடப் பிடித்திருப்பதைக் கண்டேன் என்று சொல்வதுதான் சரி. சில்லென்றிருந்தது. தூக்கினேன். மார்பு வரை வந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியது. அந்த நேரத்தில் எனக்குப் பெட்டியோ ரொறன்ரோவோ நினைவுக்கு வரவில்லை. கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று நின்ற பிள்ளைதான் நினைவுக்கு வந்தாள். போத்தலை வைத்தேன். பலகையில் டக்கென்று சத்தம் கேட்டது.

போர்மன் திரும்பிப் பார்க்காமலே எழுந்தார். என் போத்தலை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். தண்ணீர் மொண்ட அகப்பைக்குள் என் பியரைக் கலந்து கல்லில் ஊற்றினார்.

"சரி. கல் குடிக்கட்டும்" என்றார்.

சூடான பாணின் மணம் அறையை நிறைத்தது. அப்போதுதான் போரணை அடுப்பிலிருந்து எடுத்த கோதுமைப் பாண். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த மணத்தில் இருந்தேன். அழுகை வந்தது. அங்கே அது வசதி, முகமெல்லாம் ஏற்கெனவே தண்ணீர்.

ஒவ்வொரு இடைவேளைக்கும் தமையன் மூன்று போத்தல் திறந்தார். நான் குடிக்காதது தெரிந்தும் திறந்தார். அது அவர்கள் கிராமத்து முறையாம். இருக்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பங்கு திறக்க வேண்டும். குடிப்பது அவரவர் பாடு. போர்மன் ஒவ்வொரு தரமும் என் பங்கைக் கல்லுக்கு ஊற்றினார். மூன்றாம் சுற்றில் இருபது சொல் என்ற தன் கணக்கையும் தாண்டி ஒரு கதை சொன்னார்.

"ஊரில் பக்கத்துப் பண்ணைக்காரர் சனிக்கிழமை தவறாமல் எங்கள் சவுனாவுக்கு வருவார். வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் போத்தலை உருளைக்கிழங்குக் கிடங்கில் ஒளித்து வைப்பார். மனைவிக்கும் தெரியும். ஊருக்கும் தெரியும். கிழங்குக்கு மட்டும்தான் தெரியாது. ஒருமுறை மூன்று சனிக்கிழமை அவர் வரவில்லை. நாலாம் கிழமை போய்ப் பார்த்தோம். செத்துப்போயிருந்தார். அப்பா சொன்னார், 'அப்படியென்றால் சரி, காரணம் இருந்திருக்கிறது.' அன்றைக்கு அவர் பங்கைக் கல்லுக்கு ஊற்றினோம். கல் அவரைவிட மெதுவாகத்தான் குடித்தது."

நான் அரிசி மூட்டைக்குள் போத்தல் ஒளித்தவன். சிரிப்பதா என்று தெரியவில்லை. தமையனைப் பார்த்தேன். அவருடைய தோள் ஒரே ஒரு தரம் குலுங்கியது. அதுதான் அவர்களுடைய சிரிப்பு என்று விளங்கியதும் எனக்கு அடக்க முடியாமல் வந்தது.

நாலு போத்தல் என் பெயரில் கல்லுக்குப் போனது. முடிவில் இருவரும் வாளியில் தண்ணீர் எடுத்துச் சவுக்காரம் போட்டுக் குளித்தார்கள். எனக்கு வெட்கம். பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. "குளிக்கவில்லையா?" என்றார் போர்மன். "வீட்டில் குளிக்கிறேன்" என்றேன். துவாயால் துடைத்துவிட்டு உடுப்பை மாட்டினேன். நனைந்த சாரத்தைப் பையில் சுருட்டி வைத்தேன். என்னைப்போல் ஒரு மடையனுக்குத்தான் அந்த வெட்கம் அவ்வளவு விலைக்குப் போகும்.

பஸ்ஸில் நான் சந்தோஷமாக இருந்தேன். நாலு போத்தல் பக்கத்தில் இருந்தும் ஒரு வாய் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று வசனம்கூட யோசித்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வழக்கமான கோபம், தோல் நிறத்துக்கான கோபம். பிறகு ஏதோ பொறி தட்டியது. சட்டைக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். தலைமுடியைக் கையால் கோதி மணந்தேன்.

பாண் மணம் இல்லை. வெளிக் குளிரில் ஆறிப்போன அந்த மணம் வெறும் பியர். தலை, கழுத்து, கம்பளி பெனியன், எல்லாம் பியர். பாரிலிருந்து எழுந்து வருகிற ஒருவன்கூட அப்படி மணக்க மாட்டான்.

அடுத்த நாற்பது நிமிடம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்லலாம், என்ன உண்மை? நான் குடிக்கவில்லை, அவர்கள் அடுப்புக் கல்லில் பியர் ஊற்றினார்கள். பஸ்ஸில் எவனோ பியர் ஊற்றினான் என்ற பொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பொய்யாவது நம்பக்கூடியதாக இருந்தது. இறங்கும் இடத்தில் பனியை அள்ளித் தலையில் தேய்த்தேன். சுவிங்கம் வாங்கலாமா என்று யோசித்தேன். சுவிங்கம் மென்றுகொண்டு வருவதுதான் என் பழைய வித்தை. வாங்கவில்லை. அப்படியே படியேறினேன்.

அவள் சொன்னபடி வாசலில் நின்றாள். நான் வாயைத் திறக்கத் தேவை இருக்கவில்லை. கதவு திறந்ததும் அவளுடைய முகம் வெளுத்தது. என் கண் நீராவியில் சிவந்திருந்தது, முகம் வீங்கியிருந்தது. ஈரத் தலை.

"நான் குடிக்கேல்லை" என்றேன்.

அவள் என் ஈரத் தலையைப் பார்த்தாள்.

"சத்தியமாக் குடிக்கேல்லை. அவை கல்லிலை ஊத்தினவை. அடுப்புக் கல்லு. அந்தப் புகை என்ரை தலையெல்லாம்..." சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் குடிகாரன் குரலாகக் கேட்டது.

"போன தரம் பஸ்ஸிலை பக்கத்திலை இருந்தவன். இந்தத் தரம் கல்லு" என்றாள். என் பையைத் திறந்தாள். சாரத்திலிருந்து குப்பென்று அடித்தது. பையைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போனாள். அலுமாரிப் பக்கத்தில் பெட்டியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பதினான்கு மாதமாக நான் கனவில் கேட்டிருக்கிறேன்.

"என்னை நம்பவேண்டாம். அந்த மனுசனுக்கு போன் பண்ணிக் கேளும்" என்று கத்தினேன். மன்றாடினேன் என்பதுதான் சரி.

பெட்டியைப் பிடித்தபடியே அவள் போன் எடுத்தாள். நான் இலக்கத்தைச் சொன்னேன். தன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: என் கணவர் இன்று எவ்வளவு குடித்தார்? அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"அவர் குடிக்கவில்லை. கல்தான் குடித்தது."

"எவ்வளவு?"

"நாலு."

"யார் நாலு?"

"கல். நல்ல தாகம் அதற்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மனுசன் பகிடி விடுறார். நீங்கள் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

எனக்கு அந்தப் பின்லாந்துக்காரர் மீது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மனிதனுடைய குடும்பம் தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்திலும் முகம் கோணாத அந்தப் பகிடி. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் கால்மிதியிலேயே நின்றேன். சப்பாத்தில் இருந்த பனி உருகிக் குளமாகியது.

அவள் பெட்டியின் கைப்பிடியை விட்டாள். பிறகு, "சரி. பாப்பம்" என்றாள். உடைந்த குளிசையா, நல்ல குளிசையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் குரல். "கீழை தெப்பனர்க் கடையிலை போய் ஒரு பியர் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"என்ன?"

"ஒண்டு. திறக்காமல்."

தெருமுனைக் கடைக்காரர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "போன்ஜூர்! எவ்வளவு நாள்!" என்று பிரெஞ்சில் சொல்லி, போத்தலைக் கடதாசிப் பையில் வைத்துத் தந்தார். திரும்பினால் பின்னால் பால் பெட்டியோடு எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஓர் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு முன் வாங்கில் இருப்பவர். பையைப் பார்த்தார். மூக்கு ஒருமுறை சுருங்கியது. "வாறன் தம்பி" என்று மட்டும் சொன்னார். பையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு தெரு நீளம்தான். திருகினால் திறக்கும் மூடி. எப்படியும் நம்பப் போவதில்லை, குடித்துவிட்டாவது போ என்று உள்ளே இருந்த வக்கீல் சொன்னான். ஓடினேன். பனியில் சறுக்கச் சறுக்க ஓடினேன்.

அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. புகை வரும் வரை விட்டிருந்தாள். என் கையிலிருந்து போத்தலை வாங்கி மூடியைப் பார்த்தாள், திருகினாள், ஓர் அகப்பை ஊற்றினாள். கல் சீறியது. வெள்ளை ஆவி எழுந்து கூரையில் மோதியது. புகை அலாரம் கூவத் தொடங்கியது. நான் துவாயை எடுத்து விசிறினேன். அவள் அசையவில்லை. தோசைக்கல்லின் மேல் குனிந்து, முகத்தையும் தலையையும் அந்த ஆவிக்குள் கொடுத்துக்கொண்டு நின்றாள். இன்னோர் அகப்பை ஊற்றினாள்.

மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, பாண் சுடுறீங்களோ?" என்றாள்.

அலாரம் ஓய்ந்தது. மனைவி தன் பின்னலின் நுனியை எடுத்து மணந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, ஆறியதும் மறுபடியும் மணந்தாள். பிறகு என்னைக் குனியச் சொல்லி என் தலையை மணந்தாள். மறுபடி தன் பின்னல். மறுபடி என் தலை. கடைசியாக, "ஆ எண்டுங்கோ" என்றாள். இந்த முறை சாண் தூரம் இல்லை, மூக்கு என் உதட்டில் முட்டியது.

நிமிர்ந்து அடுப்பை அணைத்தாள். போத்தலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மிச்சத்தைக் கொட்டிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் போத்தலும் மட்டும் நின்றோம். அன்றைய நாளில் இரண்டாம் தரம். ஆனால் இந்தத் தரம் உள்ளே இருந்த வக்கீல் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடாமல், சத்தம் வெளியே கேட்கவேண்டும் என்ற எண்ணமும் இல்லாமல், கழுவுதொட்டிக்குள் மெல்லக் கொட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. குளிர்காலத்துக் காலையில் அவள் தலை முழுகமாட்டாள், சளி பிடிக்கும். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது அந்த அக்கா வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனைவியின் காதருகே குனிந்தார். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார். கேட்டது.

"என்ன பிள்ளை, அவர் பழையபடி தொடங்கிட்டாரோ? நேற்று கடையிலை கண்டனான்."

அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"இல்லை அக்கா. அவர் குடிக்கேல்லை. கல்லுதான் குடிச்சது."

அக்கா வாயைத் திறந்தார். மனைவியின் பின்னல், நேற்றைய மணத்தோடு, அவர் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. ஓர் அடி பின்னால் போனார். அந்தக் கிழமை முழுவதும் பங்கில் கதை, இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே குடிக்கிறார்களாம் என்று. அவள் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. மண்டபத்தில் அவளுடைய தோள் ஒரே ஒரு தரம் குலுங்கியதை நான் மட்டும் கண்டேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். சப்பாத்தோடு கால்மிதியில் நின்றேன். வழக்கம்போல் வாயைத் திறந்தபடி காத்திருந்தேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை.

"கதவைச் சாத்துங்கோவன், குளிர் வருது" என்றாள் உள்ளே இருந்தபடியே.